அரக்குப் பட்டும் அப்பாவின் வயிறும்

இதை வாசிக்கும் உங்களை நடுவர் நாற்காலியில் அமர்த்தும் எண்ணம் எனக்கில்லை. மணியடித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்கு வேண்டாம். சாட்சியாக வாருங்கள். என் தோளுக்கு அருகில் நின்று, நான் கண்டதை நீங்களும் காணுங்கள். கண்டபின், "ஆம், இப்படித்தான் நடந்தது" என்று யார் கேட்டாலும் சொல்லுங்கள். மேடைக்கு மேடை பேசிப் பழகிய எனக்கு, இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் இத்தனை ஆண்டுகளாக ஒரு மேடை வாய்க்கவில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று, நெற்றி எவ்வளவு மேலேறிவிட்டது என்று விரலால் தொட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்ட என் வயதுத் தோழர்களே, குறிப்பாக உங்களை அழைக்கிறேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். ஆரணியில் எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டி அறிவித்தால் என் பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் மற்றவர்களைக் கேட்பார்கள். இதைத் தற்பெருமை என்று கொள்வோர் கொள்ளட்டும். உண்மையின் மீது அடக்கம் பூசும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த ஆண்டுப் பள்ளி விழாவுக்கு வந்திருந்த பட்டுக்கடை முதலாளி என் பேச்சைக் கேட்டுவிட்டு, மேடையிலேயே என் தோளில் தட்டினார். அப்பா வேலை செய்தது அவர் கடையில்தான்.

"உன் பையனைத் தீபாவளி வரைக்கும் சனி, ஞாயிறு கடைக்கு இட்டுகினு வா. மைக்க அவன் கையில குடுத்துடலாம். ஜனம் தானா உள்ள வரும்" என்று அப்பாவிடம் சொன்னார் முதலாளி.

"வேணாங்க முதலாளி. படிக்கிற புள்ள" என்றார் அப்பா.

என் படிப்பின் மீது அப்பாவுக்கு இருந்த அக்கறை என்றே அதை எடுத்துக்கொண்டேன். அந்த மறுப்புக்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்று பதின்மூன்று வயதுப் பேச்சாளனுக்குத் தோன்றவில்லை. அம்மாதான் குறுக்கே புகுந்து, "போவட்டும், வாய் சும்மாவா இருக்குது?" என்று என்னை அனுப்பிவைத்தார்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை. கடை வாசலுக்கு மேலே கூம்பு ஒலிபெருக்கி. உள்ளே, வாசலை ஒட்டி ஒரு சிறு மேசை, அதன் மேல் ஒலிவாங்கி. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்த மெத்தை. சுவரோடு சுவராக மூன்று மடிப்புள்ள பெரிய நிலைக்கண்ணாடி. புதுப் பட்டின் கஞ்சி வாசனையும், நனைந்த குடைகளின் வாசனையும், பெண்கள் தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தின் பச்சை வாசனையும் கலந்து மூக்கை நிறைத்தன. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி நகருக்கு வருகை தந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!" என்று தொடங்கினேன். தெருவெல்லாம் என் குரல். அந்தப் பெருமிதத்தோடு கடைக்குள் திரும்பிப் பார்த்தேன்.

மெத்தையின் நடுவில் என் அப்பா சேலை கட்டிக்கொண்டு நின்றார்.

மறுபடியும் சொல்கிறேன், சாட்சிகளே. வெள்ளைச் சட்டைக்கு மேலே மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட பட்டுச் சேலை. இடுப்பில் கொசுவம். தோளில் முந்தி. நெற்றியில் சந்தனம். மூக்குக்குக் கீழே, வீட்டில் நாங்கள் நிமிர்ந்து பார்க்க அஞ்சும் அதே முறுக்கு மீசை.

"அண்ணா, கொஞ்சம் திரும்புங்க. முந்தியப் பார்க்கலாம்."

அப்பா திரும்பினார்.

"அப்படியே நாலு அடி நடங்கண்ணா."

அப்பா நடந்தார். கொசுவம் விசிறியாய் விரிந்து மூடியது. ஒரு கை முந்தியைத் தாங்கியது. இன்னொரு கை இடுப்பில் இருந்தது. என் வீட்டில் சோற்றுத் தட்டைக்கூட நகர்த்தி வைக்காத கை அது. சுற்றிலும் அமர்ந்திருந்த பெண்களில் எவரும் சிரிக்கவில்லை. கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஒலிவாங்கி திறந்தே இருந்ததால், என் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று தெருவுக்குப் போயிற்று. எதிர் டீக்கடைக்காரர் கூவினார்: "இன்னாப்பா அது, டயர் பஞ்சரா?"

கண்ணாடியில் அப்பாவின் கண்கள் என்னைச் சந்தித்தன. ஒரு கணம்தான். அவர் நிறுத்தவில்லை. கரையைச் சரிசெய்துவிட்டு, "எடுத்துக்கலாம்மா, ரொம்ப லட்சணமா இருக்கும்" என்று முடித்தார்.

டீ நேரத்தில் என் அருகில் வந்து நின்றார். கழுத்தில் சரிகை உரசிய சிவப்புக் கோடுகள். வருடக்கணக்காக அவற்றை நான் வேர்க்குரு என்று நினைத்திருந்தேன்.

"இன்னா அப்படிப் பார்க்குற? இதான் என் வேலை."

"வீட்ல சொல்லவே இல்லையேப்பா."

"உங்கம்மாவுக்குத் தெரியும்."

"யாராச்சும் பார்த்தா?"

"பார்க்கத்தாண்டா கட்டறது" என்றார் அப்பா. சிரிக்கவில்லை. ஆனால் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

பிறகு மற்ற விற்பனையாளர்கள் சொல்லித்தான் மீதியை அறிந்தேன். இளவட்டமாய் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது, வாழைத்தண்டு போன்ற அவர் இடுப்பைப் பார்த்துத்தான் மெத்தைக்கு ஏற்றினாராம் முதலாளி. எந்தச் சேலையும் அவர் மேல் வழுக்கிக்கொண்டு இறங்குமாம். போளூரிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் கல்யாண வீட்டார் வந்து, "ஒல்லி அண்ணன் இருக்காரா?" என்று கேட்டு உட்காருவார்களாம். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நான் கடைக்குப் போன காலத்தில் அப்பாவுக்கு நடு வயது வந்து, வயிறு சட்டைப் பொத்தான்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. மார்பு சரிந்திருந்தது, உச்சந்தலை வெளிச்சம் வாங்கியது. "ஒல்லி அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஒரு நொடி வேறு யாரையோ தேடுவதை நானே பார்த்தேன்.

அடுத்த வாரமே இரண்டாவது அதிர்ச்சி. முதலாளியின் மருமகன் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்திருந்தார். கடையில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை சார் என்றார்கள். கெட்டவரென்று அவரைச் சொல்லமாட்டேன். சேலைகளைப் படமெடுத்துக் கைப்பேசியில் ஊர் ஊராக அனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கியவர் அவர்தான். அந்தப் படங்களைக் காட்டித்தான் அப்பாவிடம் பேசினார். என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த போட்டோவப் பாருங்க. சேலைக்கு முன்னாடி உங்க வயிறுதான் கண்ணுல படுது. கஸ்டமர் கமெண்ட்டே போடுறாங்க, அங்கிளுக்கு எத்தனாவது மாசம்னு."

அப்பா படத்தைப் பார்த்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தீபாவளி வரைக்கும் டைம் எடுத்துக்கங்க. குறைச்சிட்டா நல்லது. இல்லன்னா பின்னாடி பேக்கிங் பார்த்துக்கங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன், அது ப்ராமிஸ்."

"சரிங்க சார்."

சம்பளம் அதேதான். ஆனால் கடையின் பின்கட்டில், ஜன்னலில்லாத அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று டேப் ஒட்டும் வேலை. இளவட்டமாய் ஏறிய மெத்தையிலிருந்து அவரை இறக்குவதற்கு அவர் உடம்பையே காரணமாய்ச் சொல்லியாகிவிட்டது. என் அப்பாவின் முகத்தை நான் அன்று படிக்க முயன்றேன். பேச்சு வரும் பிள்ளைகளுக்குப் பிறர் முகம் படிக்க வராது.

அன்று மாலையே பொம்மை வந்து இறங்கியது. ஆட்டோவின் பின்இருக்கையில், தலையில்லாத ஒரு பெண், சாய்ந்து படுத்தபடி! நான் உண்மையிலேயே கத்திவிட்டேன். அதற்குச் சேலை கட்டி, முதுகுப் பக்கம் கிளிப்புகளால் இறுக்கி, கண்ணாடிக்கு அருகில் நிறுத்தினார்கள். அதன் இடுப்பு என் இரண்டு கைக்குள் அடங்கும்.

அதன்பின் எங்கள் வீட்டில் கொள்ளு வேகும் வாசனை நிரந்தரமாயிற்று. அப்பா விடியற்காலையில் கோட்டை மைதானத்தைச் சுற்றினார். இரவில் வெந்நீர் மட்டும் குடித்தார். கடையில் சேலை கட்டிக் காட்டும்போது வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காது மடல்கள் சிவப்பதைக் கண்ணாடியில் கண்டேன். அத்தனை செய்தும் வயிறு இம்மியும் இறங்கவில்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு காலை, உள்ளறையில் அப்பா முனகும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா சட்டையில்லாமல், இரு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். அம்மா அவர் இடுப்பைச் சுற்றி ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துணியை வரிந்து கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

"மூச்ச உள்ள இழுங்க. இன்னும். இன்னும்."

"ஏய், உயிரு போவுதுடி."

"எனக்கு மூணு தபா கட்டினாங்க. போச்சா உயிரு? பச்ச ஒடம்புல கட்டினாங்க. பேசாம நில்லுங்க."

பிள்ளை பெற்றவளின் வயிறு சரியாமல் இருக்க எங்கள் பக்கத்தில் கட்டும் கட்டு அது. நாங்கள் மூன்று பேர் பிறந்தபோதும் அம்மாவின் வயிற்றைச் சுற்றியிருந்த அதே துணி. பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, துவைத்து, இப்போது அப்பாவுக்குக் கட்டுகிறார்! முறுக்கு மீசையோடு நின்ற பச்சை உடம்புக்காரியைப் பார்த்து நான் சிரிப்பதா, ஓடுவதா என்று தெரியாமல் கதவோரத்தில் நின்றேன். சட்டை போட்டதும் அப்பா கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார். வயிறு உள்ளே போயிருந்தது. "இது போதும்" என்றார். குரல் மேல்மூச்சில் வந்தது.

கடையில் அன்று கூட்டம் தெருவரை நின்றது. சேத்துப்பட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள்: மணப்பெண், அவள் அம்மா, கூட நாலைந்து உறவுக்காரப் பெண்கள். பெண்ணுக்கான கூறைச் சேலையைப் பொம்மைக்குக் கட்டிக் காட்டி, அது முடிவாகிவிட்டது. பிறகு பெண் சொன்னாள்: "அண்ணா, அந்த அரக்குக் கலர எங்கம்மாவுக்குக் காட்டுங்க."

"எனக்கு எதுக்குடி? வயசான காலத்துல. எதுனா சாயம் போவாத சேலை ஒண்ணு போதும்" என்றார் சேத்துப்பட்டு அம்மா. கனத்த உடம்பு, கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பார்க்குறதுல இன்னாம்மா?" என்று அப்பா எழுந்தார். அரக்குப் பட்டை உதறி, சுற்றி, கொசுவம் பிடித்து, முந்தியைத் தோளில் போட்டார். திரும்பினார்.

திரும்பியவர் நிற்கவில்லை. சேலை மலைகள் சரிய, கண்ணாடிக்கு முன்னால் விழுந்தார்.

நான் அப்போது, "சரிகையில் சரித்திரம் படைக்கும்" என்ற தொடரின் நடுவில் இருந்தேன். அடுத்து ஒலிபெருக்கியில் தெரு கேட்டது "அப்பா!" என்ற அலறலைத்தான். அத்தனை போட்டிகளில் பேசியவனுக்கு அன்று அந்த ஒரு சொல்தான் இருந்தது.

யாரோ விசிறினார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். மாப்பிள்ளை சார் ஓடிவந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே வெள்ளைத் துணியைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. "அடிபட்டிருக்காரா? காயமா?" என்றபடி முடிச்சை அவிழ்த்தார். இழுத்தார். துணி வந்தது. மேலும் வந்தது. கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கைக்கு மேல் கையாக இழுத்துக்கொண்டே இருந்தார். அது முடிவதாயில்லை. அந்த நிசப்தத்தில் சேத்துப்பட்டு அம்மாவின் குரல் கேட்டது.

"ஐயய்யோ! இது புள்ள பெத்தவளுக்குக் கட்டற கட்டுங்க!"

கடைசிச் சுற்றும் அவிழ்ந்தது. அப்பாவின் வயிறு வெளியே வந்தது. துணியின் நெசவு அதன்மேல் சிவப்புக் கோடுகளாகப் பதிந்திருந்தது. அப்பா நீண்ட மூச்சொன்று இழுத்தார். வயிறு எழுந்து தாழ்ந்தது. என் தந்தையின் வெற்று வயிற்றை இத்தனை பெண்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் ஒலிவாங்கியை இரு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"இன்னா அண்ணே இது? யாரு உங்கள இப்படிக் கட்டிக்கச் சொன்னது?" என்றார் மாப்பிள்ளை சார்.

அப்பா எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தார். "நீங்கதானே சார் குறைக்கச் சொன்னீங்க."

மாப்பிள்ளை சார் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

அப்பா சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கலைந்த அரக்குப் பட்டை மடிக்கத் தொடங்கினார். "மன்னிச்சிக்கங்கம்மா. இத அந்தப் பொம்மைக்குக் கட்டிக் காட்டச் சொல்றேன்."

"பொம்மைக்கு வேணாம்" என்றார் சேத்துப்பட்டு அம்மா. "அது இன்னா, புள்ள பெத்துதா? நீங்க நல்லா மூச்சு வாங்கினு, டீ குடிச்சிட்டு, அப்புறமாக் கட்டுங்கண்ணா. அந்தத் துணி இல்லாம. எனக்கும் இதே வயிறுதான். எனக்கு எப்படி நிக்கும்னு நான் பார்க்கணும்."

அப்பா முதலாளியைப் பார்த்தார். முதலாளி மருமகனைப் பார்க்கவில்லை. "கட்டுப்பா" என்றார்.

என் வாழ்வில் நான் கண்ட பெரிய மேடையேற்றம் அதுதான். டீயைக் குடித்துவிட்டு அப்பா எழுந்தார். இம்முறை எக்கவில்லை. முதல் சுற்றை வயிற்றுக்குக் கீழே தாழ்த்திச் செருகினார். கொசுவத்தை அகலமாக மடித்தார். முந்தி அவர் வயிற்றின் வளைவைத் தழுவிக்கொண்டு குறுக்கே ஏறித் தோளைத் தொட்டது. பொம்மையின் மேல் அளவுகோல் வைத்ததுபோல் விறைத்துத் தொங்கிய சரிகைக் கரை, இங்கே வளைந்தது. அப்பா மூச்சு விட, அந்த வளைவில் வெளிச்சம் ஏறி இறங்கியது. அழகாக இருந்தது. அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றை நான் தேடிப் பார்த்துவிட்டேன்; கிடைக்கவில்லை. தன் தந்தையின் தொந்தியை அழகென்று கண்ட மகன் அடைந்த திகைப்பை உங்களுக்கு எப்படி உணர்த்துவேன்?

சேத்துப்பட்டு அம்மா எழுந்தார். கைப்பையை மகளிடம் கொடுத்தார். அரக்குப் பட்டை அப்பாவிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் கண்ணாடியைப் பார்த்து நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "இவ பொறந்ததுலருந்து கண்ணாடிய நான் கழுத்துக்கு மேலதான் பார்க்குறேன்."

சேலையை எடுத்துக்கொண்டார். கூட வந்த பெண்களில் இருவர், "எங்களுக்கும் நீங்களே கட்டிக் காட்டுங்கண்ணா" என்று உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை சார் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "பேக்கிங் வேணாம்ண்ணே" என்றார். அவ்வளவுதான். பொம்மையை வாசல் பக்கம் நகர்த்தினார்கள்.

அவிழ்த்த துணியை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ஈரத் தெருவில் அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "மூச்சு விட்டுகினே கட்டினது ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான்."

வாசலில் நின்ற அம்மா, பையில் துணியைக் கண்டதும் பதறினார். "ஏங்க, கட்ட அவுத்துட்டீங்களா? வேலை?"

அப்பா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். நான் விடுவேனா? ஏற்ற இறக்கத்தோடு மறுபடி முழுவதும் சொன்னேன். "பொம்மை புள்ள பெத்துதா" என்ற இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்தம்மாவுக்குப் பட்டு நின்னுதா?"

"நின்னுது. நல்லா நின்னுது."

"என்னாட்டம் வயிறா?"

"ஆமா. உன்ன விடப் பெருசு."

அம்மா பையிலிருந்த துணியை எடுத்து மடித்தார். கோபமில்லாத குரலில் கேட்டார்.

"இவன் பொறந்தப்புறம் உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு என் கூறைச் சேலையக் கட்டிகினு வந்து நின்னேனே. 'உனக்கு இனிமே பட்டு நிக்காது, அவுத்து வையி'ன்னு சொன்னது யாரு? ஊருக்கே கட்டிக் காட்டறவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவுத்து வெச்சேன். அதுக்கப்புறம் நான் எதுனா கேட்டனா?"

எத்தனை அதிர்ச்சிகளைச் சொன்னேன் உங்களுக்கு! இதற்கு முன் அவையெல்லாம் ஒன்றுமில்லை. பட்டு விளையும் ஊரில், பட்டுக்கடையில் வேலை பார்ப்பவர் வீட்டில், என் அம்மாவை நான் பட்டுச் சேலையில் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குப் பட்டு பிடிக்காது என்று நான் நம்பியிருந்தேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானே முடிவுசெய்திருந்தேன். என் வயதளவு காலம் அந்தச் சேலை பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

 அப்பாவின் முகம், கடையில் விழுவதற்கு முன் இருந்ததைவிட வெளிறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நெசவுக் கோடுகள் இன்னும் மறையாத வயிற்றோடு, கதவுகள் திறந்திருந்த கூடத்தின் நடுவில் நின்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, ஒலிபெருக்கியே வேண்டாத குரலில் சொன்னார்:

"நாளைக்கு அந்தக் கூறைச் சேலைய எடுத்துகினு நீ கடைக்கு வர்ற. அத்தினி பேரும் இருக்கறப்பவே, பெரிய கண்ணாடிக்கு எதிர்ல, என் கையால உனக்குக் கட்டி விடறேன். நிக்காதுன்னு சொன்ன இதே வாயால, நிக்குதுன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்றேன்."